வலியை நிறுக்கும் தராசு

உலகத்திலேயே பெரிய பணக்கார நாடு அமெரிக்கா. வைத்தியத்துக்காக ஆள் ஒன்றுக்கு அங்கே செலவாகும் பணம் வேறெந்த நாட்டிலும் செலவாவதில்லை. அந்த நாட்டிலே ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு முதுகு வலிக்கிறது. அந்த வலி நோயா, அல்லது அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையா என்று தீர்ப்புச் சொல்பவர் யார்? வலியை அனுபவிக்கும் அந்தப் பெண்ணா? அவளைப் பரிசோதித்த டாக்டரா? இருவருக்கும் அந்த அதிகாரம் கிடையாது. அவள் முகத்தையே பார்த்திராத இன்ஷூரன்ஸ் கம்பெனி, ஒரு தராசை வைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைச் சொல்கிறது.

விஷயம் மார்பகக் குறைப்பு ஆபரேஷன் பற்றியது. "இதையெல்லாம் தொழிலாளர் பத்திரிகையில் எழுதலாமா? கூச்சமாக இல்லையா?" என்று நம் தோழர்களில் சிலர் கேட்கக்கூடும். கையில் விரல் நசுங்கினால் எழுதுகிறோம். பஞ்சுத் தூசி நுரையீரலில் படிந்து இருமினால் எழுதுகிறோம். பெண் தொழிலாளியின் உடம்பில் வரும் வேதனையை மட்டும் ஏன் எழுதக் கூடாது? நமது கூச்சம் கம்பெனிக்கு லாபம். வெளியே சொல்ல முடியாத நோய் என்றால், அதற்குப் பணம் கேட்டுச் சண்டை போடவும் ஆள் வராது அல்லவா?

சில பெண்களுக்கு மார்பகம் உடம்பு தாங்கக்கூடிய அளவை மீறிப் பெருத்துவிடுகிறது. பருவ வயதில் சிலருக்கு, பிள்ளைப்பேற்றுக்குப் பின் சிலருக்கு, பரம்பரையாகச் சிலருக்கு. ஆபரேஷனில் ஒரு பக்கத்திலிருந்து அரைக் கிலோ, முக்கால் கிலோ, சிலரிடம் ஒரு கிலோவுக்கு மேலும் சதை எடுக்கப்படுகிறது. இரண்டு பக்கமும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு படிக்கல்லைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாள் முழுவதும், வருஷம் முழுவதும், தூங்கும்போதுகூட இறக்கி வைக்க முடியாமல் ஒருத்தி நடமாடுகிறாள் என்று அர்த்தம். கழுத்திலே வலி, தோளிலே வலி, முதுகிலே வலி. உள்பாடியின் பட்டை அழுத்தி அழுத்தித் தோளில் பள்ளம் விழுந்துவிடுகிறது. சிலருக்குக் கை விரல்கள் மரத்துப் போகின்றன. மார்புக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் வெந்து புண்ணாகிறது. மருந்து போட்டால் ஆறுகிறது, மறுபடி வருகிறது. குனிந்து நாற்று நடும் பெண்ணும், எட்டு மணி நேரம் ரிங் பிரேம் முன்னால் நிற்கும் பெண்ணும் இதை விளக்கிச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். அமெரிக்காவிலும் இந்த வேதனை அதிகமாக உறைப்பது நின்றுகொண்டு வேலை செய்பவர்களுக்குத்தான். கிடங்கிலே பெட்டி தூக்குகிறவள், ஆஸ்பத்திரியில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிற ஆயா, ஓட்டலில் தட்டு ஏந்துகிறவள்.

உடம்பை இளைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சிலருக்குக் கொஞ்சம் குறையும். பெருத்திருப்பது கொழுப்பு மாத்திரமல்ல, சுரப்பியும் சேர்ந்தது; அது பட்டினி கிடந்தால் கரைவதில்லை. மேலும், ஓடு, குதி, உடற்பயிற்சி செய் என்று உபதேசிப்பவர்களைக் கேட்கிறோம்: அந்தப் பாரத்தோடு எப்படி ஓடுவது?

ஆபரேஷன் செய்தால் வலி தீர்கிறது. இது இன்றைக்கு வைத்திய உலகில் விவாதத்துக்குரிய விஷயமே அல்ல. ஆனால் கைப்பணம் போட்டுச் செய்வதென்றால் ஆயிரக்கணக்கான டாலர் வேண்டும். கூலிக்காரப் பெண்ணுக்கு அது எட்டாக் கனி. ஆகவே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாசலில் நிற்கிறாள். சும்மா பிச்சை கேட்டு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாதாமாதம் அவள் சம்பளத்தில் பிடித்த பணம் அந்தக் கம்பெனியிடம் இருக்கிறது.

வேலை கொடுக்கும் முதலாளி மூலமாகத்தான் வைத்தியம் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1942-ல், அந்நாட்டு சர்க்கார் கூலி உயர்வுக்குத் தடை விதித்தது. யுத்த உற்பத்திக்கு ஆள் தேவை. கூலியைக் கூட்டிக் கொடுக்கவோ சட்டம் இடம் தரவில்லை. வைத்திய இன்ஷூரன்ஸுக்கு மட்டும் தடையிலிருந்து விலக்குக் கிடைத்தது. ஆகவே கூலிக்குப் பதிலாக முதலாளிகள் இன்ஷூரன்ஸ் கொடுத்து ஆள் பிடித்தார்கள். 1954-ம் வருஷத்து வரிச் சட்டம் இதற்கு வரிச் சலுகையை உறுதிப்படுத்தியது. அன்று போட்ட முடிச்சு இன்னும் அவிழவில்லை. வேலை போனால் வைத்தியமும் போகிறது. முதலாளி எந்தக் கம்பெனியைப் பிடிக்கிறாரோ அதுவே தொழிலாளியின் தலையெழுத்து.

சரி, அந்தக் கம்பெனி இந்தப் பெண்ணிடம் என்ன கேட்கிறது? கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. பொதுவாக நடப்பது இது. முதலில் மூன்று மாதமோ ஆறு மாதமோ வேறு வழிகளில் வைத்தியம் செய்துகொண்டு, அது பலிக்கவில்லை என்பதற்கு ருசுக் காட்ட வேண்டும். வலி மாத்திரை சாப்பிட்டதற்குச் சீட்டு; உடற்பயிற்சி வைத்தியரிடம் போய் வந்ததற்குச் சீட்டு; விசேஷ உள்பாடி வாங்கி அணிந்ததற்குச் சீட்டு; புண்ணுக்குத் தோல் டாக்டர் களிம்பு கொடுத்ததற்குச் சீட்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் அரை நாள் சம்பளம் போகிறது. உயரத்துக்கு மிஞ்சி எடை இருந்தால் பல கம்பெனிகள் "முதலில் இளைத்து விட்டு வா" என்று திருப்பி அனுப்புகின்றன. பிறகு போட்டோ. ஆம், அந்தப் பெண் தன் திறந்த மார்பைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி வைக்க வேண்டும். சீட்டு, டாக்டரின் கடிதம், போட்டோ எல்லாம் ஒரு கட்டாகக் கம்பெனிக்குப் போகின்றன. பெண்களின் மானம், கண்ணியம் என்று மேடையில் முழங்குகிற கனவான்கள் இந்தப் போட்டோவைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இதற்கெல்லாம் மேலே உட்கார்ந்திருப்பது தராசு. ஒரு பக்கத்துக்கு இத்தனை கிராம் சதை எடுத்தால் நோய். அதற்குக் குறைந்தால் அலங்காரம்! சில கம்பெனிகள் எல்லாருக்கும் ஒரே அளவாக 500 கிராம் என்று கோடு போட்டு வைத்திருக்கின்றன. வேறு பல கம்பெனிகள் "ஷ்னூர் அட்டவணை" என்ற ஒன்றைக் கையில் வைத்திருக்கின்றன.

இந்த அட்டவணையின் கதையைச் சொன்னால் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும். பால் ஷ்னூர் என்பவர் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன். 1991-ல் அவர் தம் தொழிலைச் சேர்ந்த மற்ற சர்ஜன்களிடம் விவரம் திரட்டினார். உங்களிடம் வந்த பெண்களின் உடல் பரப்பு எவ்வளவு, எத்தனை கிராம் எடுத்தீர்கள், அவர்களில் உபாதைக்காக வந்தவர் எத்தனை பேர், தோற்றத்துக்காக வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டார். வந்த பதில்களை வைத்து ஒரு வளைகோடு வரைந்தார். உடல் பரப்புக்கு ஏற்ப, எடுத்த சதையின் எடையை வரிசைப்படுத்தி, அடியிலிருந்து நூற்றுக்கு 22-வது இடத்தில் அந்தக் கோடு விழுந்தது. கோட்டுக்கு மேலே இருப்பவர்கள் உபாதைக்காக வந்தவர்கள் என்று கொள்ளலாம் என்றார். சர்ஜன்கள் தங்களிடம் வந்த பெண்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் அஸ்திவாரம். எத்தனை கிராம் எடுத்தால் வலி தீரும் என்பதை அது அளக்கவில்லை.

கம்பெனிகளுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு? கோடு கிடைத்தது, பிடித்துக்கொண்டார்கள். 160 சென்டிமீட்டர் உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் உடல் பரப்பு சுமார் 1.70 சதுர மீட்டர். அட்டவணைப்படி ஒரு பக்கத்துக்கு 370 கிராம் எடுக்க வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரமும் 87 கிலோ எடையும் உள்ள இன்னொருத்தியின் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். இவளுக்கு 628 கிராம்! இருவருக்கும் ஒரே வலி, ஒரே புண், ஒரே அளவு சதை எடுத்தால் தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் எடுத்தால் முன்னவள் நோயாளி, பின்னவள் சிங்காரி. அதோடு, எடைக்கு வரம்பு வைத்திருக்கிற கம்பெனியாக இருந்தால் பின்னவளை வாசலிலேயே மறித்து விடுவார்கள். 500 கிராம் என்று ஒரே கோடு போட்ட கம்பெனியிலோ கதை தலைகீழ். அங்கே ஒல்லியான, குள்ளமான பெண் மாட்டிக்கொள்கிறாள்; அவள் உடம்பிலிருந்து அத்தனை கிராம் எடுக்கவே முடியாது. பெரிய உடம்பானாலும் குற்றம், சின்ன உடம்பானாலும் குற்றம்.

சர்ஜனும் இந்தத் தராசுக்குக் கட்டுப்பட்டவர்தான். கத்தியை எடுக்கு முன்பே "இத்தனை கிராம் எடுப்பேன்" என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எடுத்த சதை பரிசோதனைச் சாலைக்குப் போகிறது; அங்கே எடை குறிக்கப்படுகிறது. எழுதிக் கொடுத்ததற்குக் குறைந்தால் பணம் வராமல் போகலாம். ஆகவே, இந்த உடம்புக்கு எவ்வளவு நல்லது என்ற யோசனையோடு கூட, கம்பெனிக்கு எவ்வளவு காட்ட வேண்டும் என்ற யோசனையும் ஆபரேஷன் மேஜையருகே வந்து நிற்கிறது. எடை மோசடி நமக்குத் தெரியும். நெல்லில் பார்த்திருக்கிறோம், பருத்தியில் பார்த்திருக்கிறோம். இது மோசடிகூட இல்லை. தராசு சரியாகத்தான் நிறுக்கிறது. நிறுக்கக் கூடாத பொருளை நிறுக்கிறது.

விஞ்ஞானம் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது? 2002-ல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்களின் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியின் முடிவுகள் வெளிவந்தன. பல ஊர்களில் ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களை ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் விசாரித்துச் செய்தது அது. எடை குறைப்பு, விசேஷ உள்பாடி, பயிற்சி, மாத்திரை ஆகியவற்றால் நிலையான நிவாரணம் கிடைக்கவில்லை, ஆபரேஷனால் கிடைத்தது. எத்தனை கிராம் எடுத்தார்கள் என்பதற்கும் எவ்வளவு வலி தீர்ந்தது என்பதற்கும் கம்பெனிகள் சொல்கிற சம்பந்தம் இல்லை என்றும் தெரிந்தது. குறைவாக எடுத்தவர்களும் சுகம் கண்டார்கள். இதற்கு முன்னமே, 1999-ல், ஷ்னூரே தமது அட்டவணையை மறுபடி ஆராய்ந்து எழுதினார். கம்பெனிகள் அதைப் பயன்படுத்திய முறையை அவர் ஏற்கவில்லை. வரைந்தவரே கைவிட்ட கோட்டைக் கம்பெனிகள் இன்னும் விடவில்லை. ஏன் விடுவார்கள்? அது வைத்திய சாஸ்திரமாக இருந்தால் புதிய ஆராய்ச்சி வந்ததும் மாற்றியிருப்பார்கள். அது பணப்பெட்டியின் பூட்டு.

இனி, எதிர்த்து நிற்க அந்த நாட்டுச் சட்டத்தில் என்ன இடமிருக்கிறது என்று பார்ப்போம். இடம் உண்டு. அதை மறைத்து, எல்லாம் இருட்டு என்று எழுதுவது நமது பழக்கமல்ல.

1998-ல் ஒரு சட்டம் வந்தது. புற்றுநோய்க்காக ஒரு மார்பகத்தை எடுக்கும் ஆபரேஷனுக்குப் பணம் கொடுக்கிற இன்ஷூரன்ஸ், அதைத் திரும்ப அமைப்பதற்கும், இரண்டு பக்கமும் ஒத்திருக்கும்படி மறு மார்பகத்தைச் சரிசெய்வதற்கும் பணம் கொடுத்தே தீர வேண்டும். மறு மார்பகத்தைக் குறைப்பதும் இதில் அடங்கும். அங்கே தராசு இல்லை, கிராம் இல்லை. சட்டசபை ஒரு வரி எழுதினால் கம்பெனியின் "அலங்காரம்" என்ற வாதம் எப்படி ஓடி ஒளிகிறது, பார்த்தீர்களா? ஆனால் புற்றுநோய் வராத பெண்ணின் முதுகு வலிக்கு அப்படி ஒரு வரி அந்த நாட்டின் மத்திய சட்டத்தில் எழுதப்படவில்லை.

2010-ம் வருஷத்துச் சட்டம் அப்பீல் உரிமையை விரித்தது. கம்பெனி மறுத்தால் 180 நாளுக்குள் அந்தக் கம்பெனியிடமே அப்பீல் செய்யலாம். அதிலும் மறுத்தால், நான்கு மாதத்துக்குள், கம்பெனியைச் சேராத வெளி ஆட்களின் பரிசீலனைக்குக் கொண்டு போகலாம். வைத்திய ரீதியில் தேவையா இல்லையா என்ற தகராறில் அவர்கள் சொல்வது கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நல்ல உரிமை. ஆனால் எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள்? சர்க்கார் நடத்தும் இன்ஷூரன்ஸ் சந்தையில் விற்கும் திட்டங்களைப் பற்றிக் கே.எஃப்.எஃப். என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம் 2023-ம் வருஷத்துக் கணக்கை வெளியிட்டது. கம்பெனியின் பட்டியலில் உள்ள டாக்டர்களிடமிருந்து வந்த பில்களிலேயே நூற்றுக்கு 19 மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு ஒன்றுக்குக்கூட அப்பீல் போகவில்லை. போனவற்றில், நூற்றுக்கு 56-ல் கம்பெனி தன் மறுப்பையே நிலைநிறுத்தியது. அப்படியானால் மீதி 44-ல் கம்பெனி இறங்கி வந்திருக்கிறது! இந்தக் கணக்கு எல்லா வகை வைத்தியத்துக்கும் சேர்ந்தது. மார்பக ஆபரேஷனுக்கு மட்டுமானதல்ல. ஆனாலும் கம்பெனியின் "இல்லை" என்ற சொல் எவ்வளவு பொக்கை என்பதை இது காட்டுகிறது. எதிர்த்துக் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையின் மேல் கட்டிய வியாபாரம் இது.

மறுப்பை எழுதுகிற டாக்டராவது கட்டைப் பிரித்துப் பார்க்கிறாரா? 2023-ல் புரோபப்ளிகா என்ற பத்திரிகை ஒரு மிகப் பெரிய கம்பெனியின் உள் விவரங்களை வெளியிட்டது. 2022-ல் இரண்டு மாத காலத்தில் அந்தக் கம்பெனியின் டாக்டர்கள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட பில்களைத் தள்ளினார்கள். ஒன்றுக்குச் சராசரியாக 1.2 விநாடி. அவை வேறு வகைப் பில்கள்தான். என்றாலும், விநாடிக் கணக்கில் கையெழுத்துப் போடும் ஆபீசுக்கு, ஆறு மாதம் அலைந்து சேர்த்த சீட்டுக் கட்டை அனுப்புகிற பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. தொழிலாளிகள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். அமெரிக்காவில் பெரிய முதலாளிகள் பலர் இன்ஷூரன்ஸ் வாங்குவதே இல்லை. வைத்தியப் பணத்தைத் தாங்களே கொடுக்கிறார்கள். கம்பெனி அவர்களுக்குக் கணக்குப்பிள்ளை வேலை மட்டும் பார்க்கிறது. ஆனால் அட்டையிலே கம்பெனியின் பெயர்தான் இருக்கும். ஆகவே தொழிலாளி கம்பெனியைத் திட்டுகிறான், முதலாளி சிரித்துக்கொண்டு போகிறார். இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ராஜ்ய சர்க்கார்களின் இன்ஷூரன்ஸ் சட்டங்கள் செல்லாது. ஓய்வு ஊதியத்தைப் பாதுகாப்பதற்கென்று 1974-ல் வந்த ஒரு மத்திய சட்டம் இந்தக் கவசத்தை அவர்களுக்குக் கொடுத்துவிட்டது.

அந்தச் சட்டம் கோர்ட்டில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. மிஸிஸிப்பி ராஜ்யத்தில் 1975-ல் ஒரு தொழிலாளிக்கு வேலையில் முதுகிலே அடிபட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனி சில காலம் பணம் கொடுத்தது, நிறுத்தியது, மறுபடி கொடுத்தது, மறுபடி நிறுத்தியது. வேண்டுமென்றே அலைக்கழித்ததற்கு நஷ்டஈடு கேட்டு அவர் வழக்குப் போட்டார். 1987-ல் சுப்ரீம் கோர்ட் ராஜ்யச் சட்டப்படி அந்த நஷ்டஈடு கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. சாதாரண பாஷையில் சொன்னால்: மறுத்த பணத்தைக் கேட்டு வாங்கலாம், மறுத்ததற்காகத் தண்டிக்க முடியாது. அகப்பட்டால் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று ஜேப்படித் திருடனுக்குச் சட்டம் எழுதினால் எப்படி இருக்கும்?

இந்தத் திட்டங்களில் சில, மார்பகக் குறைப்பு ஆபரேஷனையே பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கின்றன. வைத்திய ரீதியில் தேவைப்பட்டாலும் கிடையாது என்று எழுதி வைத்திருப்பதும் உண்டு. அப்படி எழுதியிருந்தால் எத்தனை டாக்டர் கடிதம் கொண்டு வந்தாலும், எத்தனை போட்டோ அனுப்பினாலும், அப்பீல் பெரும்பாலும் செத்த பாம்பை அடிப்பதுதான். முதலில் பார்க்க வேண்டியது திட்டத்தின் விலக்குப் பட்டியல். அங்கே பெயர் இல்லையென்றால், தனி ஆளாக, சீட்டும் சாட்சியும் சேர்த்துக்கொண்டு சண்டை போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். அங்கே பெயர் இருந்தால், தனி ஆளால் முடியாது. அந்த வரியை அடிக்கக் கூடியது சங்கம் ஒன்றுதான். வைத்திய இன்ஷூரன்ஸும் கூலியைச் சேர்ந்ததே, அதைப் பற்றி முதலாளி தொழிற்சங்கத்துடன் பேசியே ஆக வேண்டும் என்று அமெரிக்கக் கோர்ட்டு 1949-லேயே சொல்லியிருக்கிறது. கூலி உயர்வுக்கும் போனஸுக்கும் பேசுகிற மேஜையில் இந்த ஒரு வரியையும் வைக்கலாம். ஆனால் மேஜையில் உட்காருகிறவர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்து, "இது பொம்பிளை சமாசாரம், இதற்கெல்லாம் மல்லுக்கட்ட முடியுமா" என்று ஒதுக்கினால், முதலாளி அதைவிடச் சந்தோஷமாக வேறெதையும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார். சங்கம் இல்லாத இடத்துப் பெண்களுக்கோ அந்த மேஜையே இல்லை. அமெரிக்கத் தொழிலாளரில் பெரும்பான்மையோர் சங்கம் இல்லாத இடத்தில்தான் இருக்கிறார்கள்.

"எல்லா வைத்தியத்தையும் சர்க்கார் நடத்தினால் தீர்ந்தது" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நமது அபிப்பிராயமும் அதுதான். ஆனால் ஓர் எச்சரிக்கை. பிரிட்டனில் 1948 முதல் தேசிய சுகாதார சேவை இருக்கிறது. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி குறுக்கே நிற்கவில்லை. ஆனாலும் அங்கே 2018-ல் வகுத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: ஒரு பக்கத்துக்கு 500 கிராமாவது எடுக்க வேண்டும் அல்லது நான்கு சைஸ் குறைய வேண்டும், உயரத்துக்கேற்ற எடையும் ஒரு வருஷமாக வரம்புக்குள் இருக்க வேண்டும். அதே தராசு! சேவைக்குக் கொடுக்கும் பணத்தை இறுக்கினால், கம்பெனி இல்லாவிட்டாலும் கம்பெனிப் புத்தி வந்துவிடுகிறது. ஆகவே யார் நடத்துகிறார்கள் என்று கேட்பதோடு, போதிய பணம் ஒதுக்குகிறார்களா, பெண்ணின் வாக்குமூலத்துக்கு மதிப்பு உண்டா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் நடப்பதை நாம் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? அந்தத் தராசு நம் ஊருக்குக் கப்பல் ஏறி வந்துவிட்டது என்பதால்தான்.

ஈ.எஸ்.ஐ. ஏற்பாட்டில் சம்பள வரம்பு உண்டு என்பது மில் தொழிலாளர்களுக்குத் தெரியும். வரம்பைத் தாண்டியவர்கள் வெளியே வந்ததும், சில நிர்வாகங்கள் தனியார் கம்பெனியிடம் குரூப் பாலிஸி எடுத்துக் கொடுக்கின்றன. விவசாயக் கூலிகளுக்கோ ஈ.எஸ்.ஐ. என்றைக்குமே கிடைத்ததில்லை. வைத்திய பாலிஸிகளில் எதை விலக்கலாம் என்பதற்கு இந்திய இன்ஷூரன்ஸ் கண்காணிப்பு ஆணையம் 2019-ல் ஒரு பொது வாசகம் வகுத்தது. அதில் எட்டாவது விலக்கு, அலங்கார அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு செய்யும் சீரமைப்புக்கு இந்த விலக்குப் பொருந்தாது. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க அவசியம் என்று வைத்தியம் பார்க்கும் டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாலும் பொருந்தாது. "உடனடியான ஆபத்து" என்ற அந்த இரண்டு சொற்களில்தான் கம்பெனி ஒளிந்துகொள்ளும். பத்து வருஷமாக வலிக்கிற முதுகு நாளைக்கே உயிரை எடுத்துவிடாது அல்லவா? ஆகவே விலக்கு என்பார்கள்.

இதே தமிழ்நாட்டில் வேறொரு காட்சியும் நடந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் மார்பக ஆபரேஷனுக்கென்று ஒரு பிரிவு திறந்தார்கள். குறைப்பு ஆபரேஷனும் அதில் சேர்த்தி, இலவசம். உடனே எதிர்ப்புக் கிளம்பியது. உயிர் காக்கும் வைத்தியத்துக்கே பணம் போதாதபோது அழகு சிகிச்சைக்கா செலவு என்று கேட்டார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகள் கூட ஏதோ வேடிக்கை போல எழுதின. பெரிதாக்கும் ஆபரேஷனும் அதே கூரையின் கீழ் இருந்ததால், எல்லாவற்றையும் ஒரே "அழகு" கூடையில் போட்டுவிட்டார்கள். பெரிதாக்குவதைப் பற்றி விவாதம் செய்யட்டும். அதற்கு நாம் வரவில்லை. ஆனால் களை எடுக்கும் பெண்ணின் முதுகில் தொங்கும் பாரத்தை இறக்கும் ஆபரேஷனை அதே கூடையில் போட்டவர்கள், அமெரிக்கக் கம்பெனி சொன்ன அதே வார்த்தையைச் சம்பளம் வாங்காமலே சொன்னார்கள். பணக்கார வீட்டுப் பெண் தனியார் ஆஸ்பத்திரியில் பணத்தை எண்ணி வைத்து இதைச் செய்துகொள்ளும்போது இவர்களில் யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆகவே பெண் தோழர்களுக்கும், சங்க நிர்வாகிகளுக்கும் சில விஷயங்களைச் சொல்கிறோம். இந்த உபாதை உள்ளவர்கள் முதலில் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சீட்டில் வலி, புண், மரத்துப் போவது எல்லாவற்றையும் எழுதச் சொல்லி வாங்கி வைக்க வேண்டும். நிர்வாகம் குரூப் பாலிஸி எடுத்திருந்தால், அந்தப் பாலிஸியின் முழு நகலைச் சங்கம் கேட்டு வாங்க வேண்டும். அட்டையைக் காட்டி அனுப்பினால் விடக் கூடாது. விலக்குப் பட்டியலை யூனியன் ஆபீசில் ஒரு நாள் மாலை உரக்கப் படியுங்கள். பெண்களும் இருக்கும்போது படியுங்கள். கம்பெனி மறுத்தால் மறுப்பை எழுத்திலே, காரணத்தோடு வாங்க வேண்டும். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கக் கூடாது, பாதிக்கப்பட்டவரே பேசலாம். தமிழ்நாட்டுக்கு அந்த ஆபீஸ் சென்னையில் இருக்கிறது.